பெரியவன் பேரில்

"உங்க சின்ன மகன்தான் கொலை பண்ணினான்னு அரசுத் தரப்புல நிரூபிச்சாச்சும்மா. அந்த நேரத்துல அவனுக்குப் புத்தி பேதலிச்சிருந்துச்சுன்னு நிரூபிக்கிறது நம்ம தலையில. காகிதம் ஏதாவது இருக்கா?" வக்கீல் சலிப்போடு கேட்டார்.

அம்மா பையிலிருந்து துணியில் சுற்றிய கட்டை எடுத்து நீட்டினாள். நான்கு வருட ஆஸ்பத்திரிச் சீட்டுகள்.

மலர்ந்த வக்கீலின் முகம், முதல் சீட்டைப் படித்ததும் சுருங்கியது.

"இதுல உங்க பெரிய மகன் பேரு போட்டிருக்கே?"

"சின்னவனுக்குப் பொண்ணு பாத்துட்டிருந்தோம். வெளிய தெரிஞ்சா யாரு குடுப்பா? எனக்குத்தான் கல்யாணம் ஆயிடுச்சே, என் பேருலயே எழுதிக்கட்டும்னு பெரியவன்தான் சொன்னான். ஆனா ஊசி போட்டுக்கிட்டது சின்னவன்யா."

"டாக்டர் வந்து சொல்வாரா?"

"தடவைக்கு ஒரு டாக்டர். ஒருத்தரும் நிமிந்து மூஞ்சியப் பாத்ததில்ல."

"கூட யார் போனது?"

"பெரிய மருமக. மாசம் தவறாம அவதான் கூட்டிட்டுப் போவா. எல்லாச் சீட்டுலயும் அவ கையெழுத்துதான்."

வக்கீல் தயங்கினார். "அவங்க கூண்டுல ஏறி ஒரு வார்த்தை சொன்னா போதும். கேட்டுப் பாத்தீங்களா?"

அம்மா சீட்டுகளைத் திரும்பவும் துணியில் சுற்றினாள்.

"எந்த முகத்தோட கேக்கறது? இவன் வெட்டினது அவ புருஷனையாச்சே!"