ஐந்தாவது விதி

"ஆம்பளையா, பொம்பளையா? அதையாவது சொல்லுங்க அண்ணி. மிச்சத்தை நான் கண்டுபிடிச்சுக்கிறேன்."

மருத்துவமனையின் சலவைக்கூடத்தில், உலர்த்தும் இயந்திரத்திலிருந்து சூடு ஆறாமல் எடுத்த படுக்கை விரிப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நாத்தனார் கேட்டாள். மறுமுனை அண்ணியின் கையில் இருந்தது. உதற வேண்டும், நீளவாக்கில் மடிக்க வேண்டும், பிறகு எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு விரிப்பு. முந்நூறு தடவை மூக்கும் மூக்கும் முட்டுகிற வேலை. ஆறு வருடமாக இதே ஜோடி.

"சொல்ல மாட்டேன்னா மாட்டேன்தான்," என்றாள் அண்ணி. நாத்தனார் மடித்து அடுக்கியதைப் பிரித்து, தன் கையால் ஒருமுறை ஒழுங்காக மடித்து வைத்தாள்.

எல்லாம் அந்த அட்டையால் வந்த வினை. போன வருடம் சபையின் பெண்கள் கூட்டத்தில் போதகரம்மா ஆளுக்கொரு அட்டை கொடுத்தார். மனமும் ஆத்துமாவும் சுகமாக இருக்க, அவரவர் தமக்கென்று நான்கு விதிகள் எழுதிக்கொள்ள வேண்டும். அண்ணி எழுதினாள்: சங்கீதம் வாசிக்காமல் காலையில் போனைத் தொடுவதில்லை. கோபம் வந்தால் தண்ணீர் குடித்த பிறகுதான் பதில். குட்டிப் பொய்கூடக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வேலையும் இல்லை, புலம்பலும் இல்லை.

ஐந்தாவதை மட்டும் போதகரம்மாவே எல்லார் அட்டையிலும் எழுதிக் கொடுத்திருந்தார். 'யாரைப் பொறுத்துக்கொள்வது உனக்கு மிகவும் கஷ்டமோ, அவருக்காகத் தினமும் பத்து நிமிடம் ஜெபி.'

அண்ணிக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வீட்டில் பக்கத்து அறை, வேலையில் எதிர்முனை. நாத்தனாரை விட்டால் வேறு யார்? தூக்கத்தில்கூட வாய் ஓயாத பிறவி.

முதல் மாதம், 'ஆண்டவரே, இவள் வாயைக் கட்டும்' என்றுதான் ஜெபம் போனது. மூன்றாம் மாதம், 'என் காதையாவது கட்டும்' என்று இறங்கி வந்தது. ஏழாம் மாதத்தில் ஒருநாள், 'படி ஏறும்போது அவள் முழங்காலைப் பிடித்துக்கொள்கிறாளே, அந்த வலியைக் குறைத்தருளும்' என்று தன் வாயிலிருந்தே வந்ததைக் கேட்டு அண்ணியே கண்ணைத் திறந்து பார்த்தாள். நெஞ்சில் வருடக்கணக்காக இருந்த பாரம் எப்போது இறங்கியது என்று தெரியவில்லை. இப்போதெல்லாம் படுத்தால் தூக்கம் வருகிறது.

ஆனால் இதை நாத்தனாரிடம் சொல்ல முடியுமா? புருஷனுக்கு ஒரே தங்கை. தெரிந்தால் நடுவீட்டில் சுவர் எழும்பும். இப்போதுதான் துளிர்த்த பாசம் வேரோடு போகும்.

"நம்ம சூப்பர்வைசரா?" நாத்தனார் அடுத்த விரிப்பை உதறினாள்.

"இல்ல."

"மாடி வீட்டம்மாவா? அது நாற்காலிய இழுக்குற இழுப்புக்கு நானே ஜெபம் பண்ணணும்."

"இல்லம்மா. வேலையப் பாரு."

"அப்போ எங்க அண்ணன். அவர் குறட்டைக்குப் பத்து நிமிஷம் பத்தாதே அண்ணி, உபவாசம்ல இருக்கணும்?"

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சேச்சே, அவர் பாவம்."

"பாவிதான், எனக்குத் தெரியாதா? கூடப் பொறந்தவ." தன் முனையோடு நெருங்கி வந்த நாத்தனார் சட்டென்று நின்றாள். "அப்போ வீட்டுல மிச்சம் இருக்கிறது யாரு? நானா?"

இதுவரை சொன்ன 'இல்லை'கள் எல்லாம் உண்மை. இன்னொரு 'இல்லை' சொன்னால் தப்பித்துவிடலாம். ஆனால் குட்டிப் பொய்கூடக் கிடையாதென்ற மூன்றாவது விதி குறுக்கே நின்றது. அண்ணி தன் முனையை மேசையில் போட்டுவிட்டு, பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள்.

"கோபம் வந்தாத்தானே தண்ணி குடிப்பீங்க? இப்ப எதுக்கு?"

"பயத்துக்கும் குடிக்கலாம்." அண்ணி வாயைத் துடைத்துக்கொண்டாள். "ஆமாம்மா. நீதான். ஒம்போது மாசமா."

உலர்த்தும் இயந்திரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. ஆறு வருடத்தில் அண்ணி அந்தச் சத்தத்தை முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

"கோவிச்சுக்காதம்மா," அண்ணியின் குரல் உடைந்தது. "ஆரம்பத்துல எரிச்சல்லதான் பண்ணேன். உனக்காகக் கேட்டுக் கேட்டு, இப்ப உனக்கு ஒண்ணுன்னா எனக்குப் பதறுது. அதையும் நம்பு. இத மனசுல வெச்சுக்கிட்டு என்கூடப் பேசாம மட்டும் இருந்துடாத."

நாத்தனார் விரிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. ஐயோ, அழ வைத்துவிட்டோமே என்று அண்ணி ஓடிப்போய் விரிப்பை விலக்கினாள்.

சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வழிய, மூச்சு வாங்க, சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வருஷம் முன்னாடி போதகரம்மாகிட்டப் போய், 'எங்க அண்ணியோட இனிமே ஒரு நாள்கூட என்னால குப்பை கொட்ட முடியாது'ன்னு அழுதேன். 'தினமும் பத்து நிமிஷம் அவங்களுக்காக ஜெபிச்சுப் பாரு'ன்னாங்க. ஒரு வருஷத்துல நான் மாறினதப் பாத்துட்டுத்தான், அதையே அஞ்சாவது விதின்னு எல்லார் அட்டையிலயும் எழுதினாங்க அண்ணி."