சாயங்கால ரிப்பேர்

"காலையில மார்க்கெட்டுக்குக் கெளம்புது. சாயந்தரம் ஆனா செத்த பொணமாட்டம் கெடக்குது. என்னாடா வேலை பாத்து வெச்சிருக்க?"

திருப்பாதிரிப்புலியூர் வீட்டு போர்ட்டிகோவில் பொன்னுரங்கம் சாவியைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். நாற்பது வயதான ஃபியட், ஒரு முனகல்கூட இல்லை. எலக்ட்ரீஷியன் கதிரவன் பானெட்டுக்குள் தலையை விட்டபடி நின்றான். அவர் ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர், அவனுக்கே பாடம் எடுத்தவர். அதனால் 'டா' போட அவருக்குப் பாத்தியதை உண்டு.

போன மாதம்தான் அவன் இந்த வண்டிக்கு ரிலே வைத்தான். அத்தனை கரண்டும் பழைய சுவிட்ச் வழியாகவே சுற்றி வந்ததில் ஹெட்லைட் சிம்னி விளக்கு மாதிரி எரிந்துகொண்டிருந்தது. பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்து, நடுவில் ரிலே போட்டதும் வெளிச்சம் அள்ளியது. அவரே முதுகில் தட்டிக்கொடுத்தார். அன்றிலிருந்துதான் இந்தச் சனியனும் பிடித்தது.

தினமும் சாயங்காலம் பாகூர்ப் பக்கம் போய்க் கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு வருவது அவர் வழக்கம். பஸ்ஸில் ஏற கௌரவம் விடாது. ஒரு மாதமாக வீட்டிலேயே அடைந்து கிடக்கிறார், அந்த எரிச்சல் வேறு.

"நாளைக்கு வண்டிய சிதம்பரத்துக்குக் கட்டி இழுத்துட்டுப் போறேன். அங்க ஒருத்தன் இருக்கான். நீ போட்ட ஒயரையெல்லாம் உருவிப் பாக்கச் சொல்றேன். அப்புறம் கடலூர்ல எவன் ஒன்கிட்ட வண்டி வுடுறான்னு பாத்துடுவோம்."

கதிரவன் பானெட்டுக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தான். கடை போட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை. வாத்தியார் வாயைத் திறந்தால் ஊரே கேட்கும். சிதம்பரம் மட்டும் வேண்டாம், எத்தனை தடவை வேண்டுமானாலும் தானே வந்து பார்க்கிறேன் என்று கெஞ்சினான். அவர் மசியவில்லை.

சத்தம் கேட்டு அவர் மனைவி சௌந்தரம் வெளியே வந்தாள். வந்த வேகத்தில் கதிரவனை ஒரு பிடி பிடித்தாள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியைக் கெடுத்தவன் என்றாள், பிள்ளை மாதிரி நினைத்ததற்கு இதுதான் கைம்மாறா என்றாள். பொன்னுரங்கத்துக்கே பையன் மேல் பாவமாகிவிட்டது.

"கெடுத்தவனே சரி பண்ணட்டும். சிதம்பரம் வரைக்கும் கட்டி இழுத்துக்கிட்டுப் போனா நமக்குத்தான் அசிங்கம்" என்று கணவரிடம் முடித்தாள்.

அசிங்கம் என்றதும் அவர் அடங்கினார். சாவியை வீசிவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் டிவி சத்தம் கேட்டது.

சௌந்தரம் கேட் வரை கூடவே வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"திட்டுனத மனசுல வெச்சிக்காத தம்பி. பின் சீட்டுக்கு அடியில நீ ரகசியமா வெச்சிக் குடுத்த சுவிட்ச நான் தெனம் மத்தியானம் அமுத்திடறேன், காலையில எடுத்து வுட்டுடறேன். உள்ளூர்க் கடையில நின்னா அவருகிட்ட படிச்ச பசங்க பாத்துடுவாங்கன்னு, காத்து வாங்கறேன்னு பாகூர்ப் பக்கம் பாண்டி எல்லைக்குப் போயில்ல குடிச்சிட்டு வருவாரு? இந்த ஒரு மாசமாத்தான் மனுசன் தெளிவா ஒக்காந்து எங்கூட சோறு சாப்புடறாரு."