எடையில்லாத கயிறு

சொரசொரப்பான மேசை ஒன்றில் இரண்டு மரக்கட்டைகளை ஒரு கயிற்றால் முன்னும் பின்னுமாகக் கட்டியிருந்தார்கள். ஒரு கை முன்கட்டையைப் பிடித்து இழுத்தது.

"நீ தேய்த்துக்கொண்டே வருவதால்தான் வேகம் ஏறவில்லை" என்றது முன்கட்டை.

"உன் அடிப்பக்கம் மட்டும் வெண்ணெயா?" என்றது பின்கட்டை.

"அண்ணன்மாரே, சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இழை பிரிகிறது" என்றது கயிறு.

"இயற்பியல் கணக்கில் உனக்கு எடையே கிடையாது. உனக்கு எங்கே வலிக்கப்போகிறது?" என்று இரண்டும் கேட்டன. அன்று அவை ஒத்துப்போனது அது ஒன்றில்தான்.

கை இன்னும் பலமாக இழுத்தது. கயிறு அறுந்தது. முன்கட்டை பாய்ந்துபோய்த் தரையில் விழுந்து மூலை உடைந்தது. பின்கட்டை சற்றுத் தூரம் தேய்த்துக்கொண்டே போய், பாதி மேசையில் நின்றுவிட்டது.

மறுநாள் புதுக் கயிறு கட்டினார்கள்.

"முன்னே இருந்தவன் சரியில்லை, தம்பி. வேலை நடக்கும்போதே விட்டுவிட்டுப் போய்விட்டான்" என்று இரண்டும் அதனிடம் சொல்லிவைத்தன.