இல்லாத கையின் சுண்டுவிரல்

கஞ்சாச் செடியின் மூலக்கூறு ஒன்று, வலியைக் கடத்தும் நரம்புப் புரதத்தின் குழிக்குள் நுழையாமல் கணினித் திரையில் முட்டி முட்டித் திரும்பியது. கணக்கு சீக்கிரம் முடியட்டுமென்று புரதத்தை அசையவிடாமல் கட்டிப்போட்டது தன் தப்புதான் என்று நித்திலாவுக்கு உறைத்தது. அதைக் கட்டவிழ்த்து மறுபடி ஓட்டினாள். புரதம் நெளிந்து மெல்ல விரிய, மூலக்கூறு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. நாற்காலி சாயத் துள்ளி எழுந்தாள்.

"அண்ணா, ஓடி வாயேன்."

விபத்தில் வலது கையை இழந்தவன் செழியன். இல்லாத அந்தக் கை முஷ்டியாக இறுகி, உள்ளங்கையில் நகம் குத்துகிறது என்று துடிப்பவன். வந்து நின்ற அவன் கண் திரையை விட்டு நகரவில்லை.

"இன்னொரு தடவை ஓட்டு."

ஓட்டினாள். குழி விரிந்தது.

"இன்னும் மெதுவா," என்றான். "இப்பத்தான் சுண்டுவிரல் பிரியுது."