படகுத்துறை இங்கிலீஷ்

"ஹெவி டீ, மேடம்! வெரி ஹெவி!"

அஸ்வான் படகுத்துறைப் படிக்கட்டில் நின்ற இன்ஷிரா டீச்சருக்கு உச்சந்தலையில் பேரீச்சங்குலை விழுந்ததுபோல் இருந்தது.

கூவியவன் ஷாஸ்லி, சவாரியோடு டீயும் தரும் படகோட்டி. அவளுடைய மாலை வகுப்பின் முதல் மாணவன்.

நேற்றுத்தான் 'ஸ்ட்ராங் டீ' என்று முப்பது முறை சொல்லவைத்தாள். நைல் முதலைகள்கூட அதை மனப்பாடம் செய்திருக்கும்.

எந்த இங்கிலீஷ் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்பதைக் கல்யாணப் பொருத்தம் பார்ப்பதுபோல் பார்த்துச் சொல்லித்தருபவள் அவள். அரபியில் தேநீர் கனமாக இருக்கலாம், சிகரெட்டைக் குடிக்கவும் செய்யலாம். இங்கிலீஷில் இரண்டுக்கும் ஜாதகம் ஒத்துவராது.

ஷாஸ்லி அதற்குள் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்திடம் பாக்கெட்டை நீட்டிவிட்டான். "யூ டிரிங்க் சிகரெட்?"

அந்த அம்மாள் குலுங்கிச் சிரித்தாள். அடுத்த படகில் ஏறப்போன அவள் கணவர் தூக்கிய காலை இறக்கிக்கொண்டார். அது பக்ரியின் படகு. பக்ரி லண்டனில் பிறந்தவனைப் போல் சுத்தமாகப் பேசுவான்.

டீச்சர் தடதடவென்று இறங்கிவந்து ஷாஸ்லியின் அங்கியைப் பிடித்து இழுத்தாள்.

"ஏம்ப்பா, வகுப்புல கிளி மாதிரி ஒப்பிச்சியே! இங்க வந்து என் மானத்த வாங்குறியா?"

"கோவிச்சுக்காதீங்க டீச்சரம்மா. நாலு நாளு சரியாப் பேசிப் பாத்தேன், ஒரு ஈ காக்கா ஏறல. இவ்ளோ சுத்தமாப் பேசுறவன் ஏமாத்துக்காரன்னு நெனச்சுட்டாங்க. எதெது தப்புன்னு தெரிஞ்சுக்கத்தானே உங்க வகுப்புக்கே வர்றேன்!"

டீச்சர் பிடித்திருந்த அங்கியை விட்டாள்.

கிசுகிசுப்பைப் பார்த்த வெள்ளைக்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பக்ரி வேறு மறுபடி அழைத்தான். அவர் நேராக டீச்சரிடமே கேட்டார், இந்த ஆளை நம்பி ஏறலாமா என்று.

ஷாஸ்லியின் முகம் கரைக்கு வந்த மீன்போல் ஆனது. இன்றும் சவாரி கிடைக்காவிட்டால் ஐந்தாவது நாள்.

டீச்சர் தொண்டையைக் கனைத்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டாள். பிறகு, 'நம்பி ஏறுங்கள்' என்று இங்கிலீஷில் பதில் சொல்லும் சாக்கில், இருபத்திரண்டு வருடமாகக் கண்ணும் கருத்துமாகக் காத்துவந்த சொல்ஜோடிகளில் மூன்றை ஒரே மூச்சில் பிரித்துவைத்தாள்.

குழந்தைகள் உட்பட மொத்தக் குடும்பமும் சிரித்துக்கொண்டே ஷாஸ்லியின் படகில் ஏறியது.

படகின் பாயை விரிப்பதற்கு முன் ஷாஸ்லி ஒரு பேனாவுக்காக அங்கி முழுக்கத் துழாவினான்.

மூன்றாவது தப்பு அவனுக்கே புதிது.