மண்ணுக்குள் போன ஆய்வேடு

"எதைப் புதைச்சீங்க? என் மாணவியோட ஆய்வேட்டையா?"

டாக்டர் ஆடெலா இப்படிக் கேட்டதும், யூதர்களின் ஜெப ஆலயத்தைக் கவனித்துக்கொள்ளும் ஹெர்மன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஆமாம் என்று தலையாட்டினார். அந்த மாணவி டோரினாவும் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

ஓரடியா நகரப் பல்கலைக்கழகத்தில் யூத இயல் பட்டப்படிப்பு தொடங்கி மூன்றே வருடம். வரலாறு, மொழி, சட்டம், இசை என்று நாலு துறைகள் கூடி நடத்துவதால் மற்ற மாணவர்கள் அதைக் கதம்பம் என்று கேலி பேசுவார்கள். சொந்தக் கட்டடம் கிடையாது. ஜெப ஆலயத்துப் பின்கட்டில் ஓர் அறை கொடுத்திருந்தார்கள். கடைசி வருட மாணவர்கள் தட்டச்சு செய்த ஆய்வேட்டை வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் அந்த அறையின் அலமாரியில் வைத்துவிட வேண்டும். வைக்காதவர்களுக்குப் பட்டம் இல்லை. பட்டம் இல்லாமல் ஊர் திரும்பினால், அப்பா மிரட்டியபடி மரச்சாமான் தொழிற்சாலையில் நாற்காலிக்கு வார்னிஷ் அடிக்க வேண்டியதுதான். டோரினாவுக்கு அந்த வாடையே ஆகாது.

"வெள்ளிக்கிழமை நானே எண்ணிப் பார்த்தேன்," என்றார் ஆடெலா. "பதினோரு கட்டு இருந்தது. இவளோடதுதான் இருக்கறதுலயே தடிமன்."

அந்தத் தடிமன்தான் வினையாகிவிட்டது. அலமாரியில் இடம் போதாமல், டோரினா தன் கட்டைப் பக்கத்தில் இருந்த மரப்பெட்டிமேல் வைத்துவிட்டுப் போயிருந்தாள். அது கிழிந்துபோன பிரார்த்தனைப் புத்தகங்களைச் சேர்த்துவைக்கும் பெட்டி. கடவுளின் பெயர் எழுதிய தாளைக் குப்பையில் போடக் கூடாது, எரிக்கவும் கூடாது. பெட்டி நிறைந்ததும் கல்லறைத் தோட்டத்துக்கு எடுத்துப்போய், மனிதரைப் புதைப்பது போலவே பிரார்த்தனை சொல்லிப் புதைப்பார்கள். ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை வரும் அந்த நாள், பார்த்துப் பார்த்து நேற்று ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்திருந்தது.

ஹெர்மன் நாற்பது வயதுக்காரர். இந்த வேலைக்கு வரும் முன் டிராமில் கண்டக்டராக இருந்தவர். டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவார் என்று பெயர். அவரிடம் ஆடெலாவின் கோபம் பலிக்கவில்லை.

"சணல் போட்டுக் கட்டின தாளு, பெட்டிமேல கெடந்தது. மேல கடவுள் பேரு, எபிரேயத்துல நாலு எழுத்தும் முழுசா, கையால எழுதியிருந்தது. அப்படி இருந்தா என்ன செய்யணும்னு நீங்கதானம்மா வகுப்புல சொல்லிக் குடுக்கறீங்க?"

அது ஆடெலாவே நடத்தும் பாடம்தான். உடனே கோபம் டோரினா பக்கம் திரும்பியது. பக்தி உள்ள எவராவது அந்தப் பெயரை முழுசாக எழுதுவார்களா, ஓர் எழுத்தோடு நிறுத்திக்கொள் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று பொரிந்து தள்ளினார். எபிரேயம் தெரியும் என்று காட்டிக்கொள்ள ஆசைப்பட்டதாக டோரினா முணுமுணுத்தாள். அது பொய்யில்லை.

"கார்பன் வச்சு நகல் எடுத்திருப்பியே, அதைக் கொண்டா."

"எடுக்கல மேடம்." டோரினா தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

ஆடெலா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு பெண்ணின் வருடக்கணக்கான உழைப்பு இப்படி மண்ணாய்ப் போனதே என்று அவருக்கு மனசு ஆறவில்லை. திடீரென்று எழுந்து, ஒரே நாள்தானே ஆகிறது, மழைகூடப் பெய்யவில்லை, தோண்டி எடுத்துவிடலாமே என்றார்.

டோரினா சட்டென்று நிமிர்ந்தாள். "தோண்டினா கெடைக்குமா மாமா?"

ஹெர்மன் அவளை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு ஆடெலாவிடம் திரும்பினார்.

"எழுத்து இருந்தது எல்லாமே மரியாதையா மண்ணுக்குள்ள போயாச்சும்மா. வச்ச கல்லறையைத் தோண்டற பழக்கம் நமக்கு இல்ல. அது உங்களுக்கும் தெரியும்."

தெரியும். தெரிந்ததனால்தான் ஆடெலாவால் மேற்கொண்டு வாதாட முடியவில்லை. அறைக்குள் இரண்டு முறை நடந்தார். கடைசியில் பதிவேட்டை எடுத்து, டோரினா குறித்த நாளில் ஆய்வேட்டை வைத்துவிட்டாள் என்றும், அது அவள் கைமீறிப் போய்விட்டது என்றும், மறுபடி எழுதித் தரச் செப்டம்பர் வரை அவகாசம் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பட்டமும் அப்போது கிடைக்கும். எழுதினதை எல்லாம் ஞாபகப்படுத்தி எழுது, உனக்குக் கஷ்டமாக இருக்காது என்று டோரினாவின் தோளைத் தட்டிவிட்டு, அடுத்த வகுப்புக்கு ஓடினார்.

டோரினா சுவரில் சாய்ந்து மூச்சு விட்டாள். மூன்று நாளாகப் பயந்தது நடக்கவில்லை. வார்னிஷ் இல்லை, அப்பாவின் முகம் இல்லை, முழுசாக மூன்று மாதம் இருக்கிறது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"சோறு தண்ணி இல்லாம நின்னது போதும், இங்க வா பொண்ணே," என்று ஹெர்மன் கூப்பிட்டார். செய்தித்தாளில் சுற்றிய கனமான பொட்டலம் ஒன்றை அவள் கையில் வைத்தார்.

"என்ன மாமா இது?"

"பேரு எழுதின மொதத் தாளை மட்டுந்தான் பொதைச்சேன். வெறும் தாளைப் பொதைக்கச் சொல்லி எந்தச் சட்டத்துலயும் இல்ல. இந்தா, மிச்சம் நூத்திப் பதினெட்டும் வெள்ளை வெளேர்னு அப்படியே இருக்கு. இப்பவாவது உக்காந்து எழுது."