அடுப்பைச் சுற்றி ஒரு சுவர்

வேலை முடிந்து வந்த விமலராணி வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் படுக்கிற சோபா பொலித்தீன் சுற்றப்பட்டுக் கராஜுக்குள் கிடந்தது. அதற்கு மேலே அவளுடைய இரண்டு பைகள்.

புருஷனின் அடிக்குத் தப்பி, பிரெடெரிசியா நகரிலிருந்து பிராண்டே ஊரில் இருக்கும் தமையன் அந்தோனிதாசன் வீட்டுக்கு அவள் வந்து இரண்டு மாதம். ஹோலில், குளிருக்கு எரிக்கும் விறகடுப்புக்குப் பக்கத்தில் கிடந்த அந்தச் சோபாதான் அவளுக்குப் படுக்கை.

இப்போது அந்த இடத்தில் தமையன் மனைவி விக்ரோரியா ஏணியில் நின்று இரும்புச் சட்டங்களை முடுக்கிக்கொண்டிருந்தாள். காற்றாலை ஃபக்டரியில் பழகிய கை, ட்றில் நடுங்காமல் ஓடியது. அடுப்பைச் சுற்றி வளைந்து, ஹோலுக்குக் குறுக்கே ஒரு சுவர் எழும்பிக்கொண்டிருந்தது.

"என்ன மச்சாள் இது?"

"சுவர். அடுப்புக்குக் கிட்ட மரச்சட்டம் வைச்சால் ஒருநாளைக்குப் பத்திடும். அதுதான் இந்தப் பக்கம் முழுக்க இரும்பும் எரியாத பலகையும். புகைக்கூடு துப்புரவாக்கிறவரைக் கூப்பிட்டுக் காட்டி, அவர் சொன்ன தூரம் விட்டிருக்கிறன்."

அடுப்பைப் பற்றியா விமலராணி கேட்டாள்? நேற்றுச் சாப்பிடும்போது தமையன் சொன்னது இன்னும் காதுக்குள் நின்றது. "கோயிலடியிலை சனம் கதைக்குது. உன்ரை மனுசனும் கூப்பிடுறார். போய்ச் சமாளிச்சுக்கொண்டு இரு." விக்ரோரியா அப்போது சாப்பிட்ட கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டாள்.

"அண்ணை வாயாலை சொன்னார், நீங்கள் சுவராலை சொல்லுறியள். சரி, நான் போறன். ஆனா அந்த மனுசனிட்டை இல்லை. றோட்டிலை படுத்தாலும் அங்கை திரும்பிப் போகமாட்டன்."

விக்ரோரியா ஏணியை விட்டு இறங்கவில்லை.

"மேலை ஒரு துவாரம் விடவேணும், அடுப்புச் சூடு சுவருக்கு அங்காலையும் போகட்டும். அந்தப் பலகையை ஒருக்காப் பிடியும்."

விமலராணி பிடிக்கவில்லை. பைகளை எடுக்கத் திரும்பியபோது அந்தோனிதாசனின் கார் வந்து நின்றது. உள்ளே வந்தவர் சுவரைப் பார்த்தார், தங்கச்சியைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார்.

"ஆரைக் கேட்டு இதைக் கட்டுறாய்?"

"ஒருத்தரையும் கேக்கேல்லை."

"உடனை கழட்டு."

"கழட்டமாட்டன். கையை வைச்சியள் எண்டால் நானும் இந்த வீட்டிலை இருக்கமாட்டன்."

இருபத்தாறு வருசத்தில் அவள் அவரிடம் அப்படிக் கதைத்ததில்லை. அந்தோனிதாசன் சப்பாத்தும் கழற்றாமல் அப்படியே நின்றார்.

விக்ரோரியா இறங்கி வந்தாள். தூசி படிந்த கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு, பொக்கற்றிலிருந்து எதையோ எடுத்து விமலராணியின் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"உம்மட அறைக் கதவுப் பூட்டுக்கு ஒரு திறப்புத்தான் விமலா, வைச்சிரும்."